அஞ்சற்பையும் வகுப்பறையும்

பல்கலைக்கழக மானியக் குழு 2021 மே மாதத்தில் ஒரு கருத்துக் குறிப்பை வெளியிட்டது. உயர்கல்வி நிறுவனங்கள் ஒவ்வொரு பாடத்திலும் 40 விழுக்காடு வரை இணையவழியாகக் கற்பிக்கலாம், எஞ்சிய 60 விழுக்காட்டை வகுப்பறையில் நேருக்கு நேர் கற்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ‘கலப்புக் கற்றல்’ என்று அதற்குப் பெயர் சூட்டினர். மாணவன் தனித்திருந்து கேட்கக்கூடிய விரிவுரையை வீட்டிலேயே திரையில் கேட்டு வரட்டும். வகுப்பறை நேரம் ஐயம் தீர்க்கவும், விவாதிக்கவும், கணக்குப் போட்டுப் பார்க்கவும், சோதனைச் சாலையில் கைபட வேலை செய்யவும் பயன்படட்டும் என்பதே இம்முறையின் கருத்து. கருத்தளவில் இதில் குறை காண்பதற்கு ஏதுமில்லை.

இதனைக் கணினி யுகத்தின் கண்டுபிடிப்பு என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால், இதன் மூத்த சகோதரி ஒருத்தி நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்களுக்கெல்லாம் அஞ்சல்காரரின் பையில் ஏற்கெனவே வந்து சேர்ந்தவள். அஞ்சல்வழிக் கல்வி என்ற பெயரில் அவளை நாம் நன்கு அறிவோம். அவளுக்கும் இரு பாதிகள் இருந்தன: வீட்டுக்கு வரும் பாடநூல் ஒரு பாதி, மாணவர் புறப்பட்டுச் செல்லும் நேர்முக வகுப்பு மறு பாதி. அந்த இரண்டாம் பாதிக்கு நேர்ந்தது என்ன என்பதைத் தெரிந்துகொண்டால், இன்று கள்ளக்குறிச்சியிலும் அதற்கு மேற்கே எழும் கல்வராயன் மலையிலும் வாழும் நம் பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருக்கும் புதிய ஏற்பாட்டை எப்படி எடை போடுவது என்பது ஓரளவு விளங்கும்.

கற்பித்தல் வேறு, தேர்வு நடத்திப் பட்டமளித்தல் வேறு என்று பிரித்துப் பார்த்த முதல் பெரிய நிறுவனம் இலண்டன் பல்கலைக்கழகம். எந்தக் கல்லூரியிலும் பயிலாதவரும் தன் தேர்வுகளை எழுதலாம் என்று 1858-இல் அது கதவைத் திறந்தது. அதே இலண்டனை முன்மாதிரியாகக் கொண்டுதான் அதற்கு முந்தைய ஆண்டில், 1857-இல், சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டிருந்தது. தொடக்க காலத்தில் அதுவும் தேர்வு நடத்தும் அமைப்பாகவே விளங்கியது. கற்பிக்கும் பொறுப்பு இணைவுபெற்ற கல்லூரிகளைச் சார்ந்திருந்தது. மதுரையில் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய தமிழ்ச் சங்கமும் தேர்வுகள் நடத்திப் பட்டமளித்தது. பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வித்துவான் தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தமிழாசிரியரானவர்கள் எத்தனையோ பேர். பகலில் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தி, இரவில் அரிக்கேன் விளக்கடியில் இலக்கணம் படித்த அந்தத் தலைமுறைக்குப் பல்கலைக்கழகம் என்பது ஒரு பாடத்திட்டமும் ஒரு தேர்வுக்கூடமுமே. ஆனால், அவர்களுள் பலரும் முற்றிலும் தனித்துப் படித்தவர்கள் அல்லர். ஊரில் அல்லது பக்கத்து ஊரில் ஒரு புலவர் இருப்பார். ஐயம் தோன்றும்போது அவர் வீட்டுத் திண்ணைக்குச் செல்வார்கள். திண்ணைக்குக் கட்டணம் இல்லை. எந்தக் கணக்கேட்டிலும் அது பதிவாகவும் இல்லை. பின்னர் வந்தவர்கள் அஞ்சலில் கல்வியை அனுப்பத் திட்டமிட்டபோது, கண்ணுக்குப் புலப்படாத அந்தத் திண்ணைக்கு ஈடாக எதை வைப்பது என்ற கேள்வி எழவே செய்தது.

விடுதலைக்குப் பின் கல்லூரிகளில் இடம் போதவில்லை. புதிய கட்டடம் எழுப்பவும் ஆசிரியரை அமர்த்தவும் பணமும் போதவில்லை. டி. எஸ். கோத்தாரி தலைமையில் அமைந்த வல்லுநர் குழுவின் பரிந்துரையை ஏற்று, தில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. பாடங்களை அச்சிட்டு அனுப்புவதோடு நில்லாமல், மாணவர் எழுதி அனுப்பும் விடைகளைத் திருத்தித் திருப்பி அனுப்புவதும், விடுமுறை நாள்களில் அவர்களை வரவழைத்து நேர்முக வகுப்பு நடத்துவதும் அத்திட்டத்தின் உறுப்புகளாக இருந்தன. அதே கோத்தாரி தலைமை தாங்கிய 1964-66 கல்விக் குழு இன்னும் ஒருபடி மேலே சென்று, 1986-க்குள் உயர்கல்வி மாணவருள் மூன்றில் ஒரு பங்கினராவது மாலைக் கல்லூரி, அஞ்சல்வழி போன்ற பகுதிநேர முறைகளில் பயில வேண்டும் என்று திட்டமிட்டது.

தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. நமக்கு மிக அருகே, சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இல் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இல் பின்தொடர்ந்தது. இவற்றுள் நம் பகுதிக்கு மிக நெருக்கமானது அண்ணாமலையே. கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தின் மேற்கு மூலை. 1993-இல்தான் விழுப்புரம் மாவட்டமும், 2019-இல்தான் கள்ளக்குறிச்சி மாவட்டமும் பிறந்தன. 1929 முதல் மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் நின்ற அந்தப் பல்கலைக்கழகம், மேற்கு எல்லையில் வாழ்ந்த கரும்பு விவசாயியின் மகனுக்கும் மரவள்ளிக் காட்டுக்காரரின் மகளுக்கும் முதன்முதலில் எட்டியது அஞ்சலின் வழியேதான் என்றால் அது மிகையாகாது.

யார் படித்தார்கள்? இடைநிலை ஆசிரியர் பி.ஏ. படித்துப் பதவி உயர்வு தேடினார். அரசு அலுவலக எழுத்தரும், பேருந்து நடத்துநரும், மருத்துவமனைச் செவிலியரும் படித்தனர். பள்ளி முடித்த கையோடு மணம் முடித்துக் கொடுக்கப்பட்ட பெண்கள், பிள்ளைகள் உறங்கிய பின் படித்தனர். நம் பங்குகளிலும் துறவற இல்லங்களிலும் இப்படிப் பட்டம் பெற்றவர்கள் ஒருவரேனும் இல்லாத இடம் அரிது. விவிலியத்தையே அஞ்சல்வழிப் பாடமாகக் கற்ற வாசகர்களும் நம்மிடையே உண்டு. ‘கரஸ்’ என்று ஊரார் சுருக்கிச் சொன்ன அச்சொல்லில் சற்று ஏளனம் கலந்திருந்ததை மறுப்பதற்கில்லை. எனினும், அந்த ஏளனத்தைப் பொருட்படுத்தாமல் படித்து முடித்தவர்களே இப்பகுதியில் எத்தனையோ குடும்பங்களின் முதல் பட்டதாரிகள்.

நேர்முக வகுப்பு அம்மாணவர்க்கு என்னவாக இருந்தது என்பதைச் சற்று நின்று நோக்க வேண்டும். சில நாள்கள் தொடர்ந்தாற்போல் ஒரு நகரத்துக் கல்லூரியிலோ பள்ளியிலோ வகுப்புகள் நடைபெறும். பாடநூலில் நூறு பக்கம் விரிந்த ஒன்றை ஆசிரியர் ஒரு முற்பகலில் திரட்டித் தருவார். எது முதன்மையானது, எதைத் தள்ளிப் படிக்கலாம் என்பது விளங்கும். தம்மைப் போலவே தனியே போராடும் வேறு ஐம்பது பேர் உண்டு என்பதும் அங்கேதான் தெரியும்; முகவரிகள் பரிமாறப்படும், குறிப்பேடுகள் கை மாறும். படிப்பை இடையில் கைவிட நினைத்தவர் இன்னும் ஓராண்டு பார்ப்போம் என்று திரும்புவார். திருத்தூதர் பவுல் திருச்சபைகளுக்கு எழுதிய கடிதங்களை இங்கே நினைத்துப் பார்க்கலாம். எபேசியருக்கும் கொலோசையருக்கும் எழுதியபோது கடிதத்தோடு திக்கிக்கு என்பவரையும் அவர் அனுப்பினார். எழுத்தில் அடங்காதவற்றை அவர் நேரில் எடுத்துரைப்பார் என்று குறிப்பிட்டார். கடிதமும் வேண்டும், கடிதத்தோடு ஆளும் வேண்டும் என்பது அவ்வளவு பழைமையான அறிவு.

ஆனால், ஆளை அனுப்பச் செலவாகும். அஞ்சல்வழிக் கல்வியின் பொருளாதாரம் எளியது. ஒரு பாடநூலை எழுதி அச்சுக் கோத்துவிட்டால், ஆயிரம் படி அடிப்பதற்கும் பத்தாயிரம் படி அடிப்பதற்கும் இடையே பெரும்பாலும் தாளின் விலைதான் வேறுபாடு. நேர்முக வகுப்போ அப்படியன்று. மாணவர் பெருகப் பெருக இடமும் ஆசிரியரும் பெருக வேண்டும். ஆகவே, வருவாய் தருவது முதல் பாதி, செலவு வைப்பது இரண்டாம் பாதி. மாணவர் தொகை இலட்சக்கணக்கில் ஏறியபோது எந்தப் பாதி மெலிந்திருக்கும் என்று நாம் சொல்லவேண்டியதில்லை. பல படிப்புகளில் வகுப்புக்கு வருவது மாணவர் விருப்பம் என்றாயிற்று. விருப்பம் என்றானபின், விடுப்பும் பேருந்துக் கட்டணமும் தங்கும் செலவும் கணக்கிட்டு, ஏழை மாணவரே முதலில் விலகினார். வகுப்பு யாருக்கு மிகவும் தேவையோ அவரே வராத வகுப்பாயிற்று அது. பல்கலைக்கழகங்களின் நிதிநிலையைத் தாங்கும் தூணாகத் தொலைநிலைக் கல்வி மாறியதும் இக்காலத்திலேதான். அத்தூண் ஒரு பல்கலைக்கழகத்தை என்றென்றும் தாங்காது என்பது நிதி நெருக்கடியில் சிக்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தமிழக அரசு 2013-இல் சட்டமியற்றித் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டபோது வெளிப்பட்டது.

இக்கதை முழுவதிலும் கல்வராயன் மலை எங்கே இருந்தது? கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமாக ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரந்து, கள்ளக்குறிச்சி, சேலம் முதலிய மாவட்டங்களுக்கிடையே பிரிந்து கிடக்கும் மலை அது. அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்பவர் என்பதே அப்பெயரின் பொருள் என்பர். கேரள மக்களோடு குழப்பிக்கொள்ளும் வெளியூர் வாசகர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறோம். அவர்களது மொழி தமிழே. நாடு விடுதலை பெற்ற பின்னரும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இம்மலை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. ஊதியமின்றி அவர்கள் நிலத்தில் உழைக்கும் வெட்டி வேலை வழக்கத்தில் இருந்தது. 1976-இல்தான் ஜாகீர்கள் நீக்கப்பட்டு, மலை அரசின் நேரடி நிருவாகத்தின் கீழ் வந்தது.

இவ்வாண்டை மனத்தில் இருத்திக்கொள்வோம். மலை மக்கள் ஜாகீர்தாரிடமிருந்து விடுபட்டது 1976. சிதம்பரத்திலிருந்து அஞ்சற்பை புறப்பட்டது 1979. மூன்றாண்டுகளே இடைவெளி. ஆயினும், அப்பை கச்சிராயபாளையம் தாண்டி மேலே ஏறுவதற்கு நெடுங்காலம் பிடித்தது. பட்டப் படிப்பின் பாடநூலைப் பிரித்துப் படிக்கும் ஒருவர் உருவாக, அதற்கு முன் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் வேண்டும். அப்பள்ளிகள் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளாகப் படிப்படியாகவே வளர்ந்தன. தந்தையும் தாயும் கேரளத்துக்கும் குடகுக்கும் தோட்ட வேலைக்குப் போகும் பருவத்தில், உணவும் உறைவிடமும் தரும் பள்ளி இல்லையேல் பிள்ளைக்குப் படிப்பே இல்லை. கற்றுத் தருவதற்கு முன் தங்க இடமும் உண்ணச் சோறும் தரவேண்டியிருந்த ஊர் அது. தொலைவிலிருந்து கற்பிக்கும் திட்டங்கள் பலவும் இந்த முதற்படியை யாரோ முன்பே கட்டி முடித்துவிட்டதாக எண்ணிக்கொண்டே வகுக்கப்படுகின்றன.

அஞ்சலுக்குத் துணையாக வானொலியும் தொலைக்காட்சியும் வந்த கதையிலும் நமக்குப் பாடம் உண்டு. 1960-களில் தஞ்சை மாவட்ட உழவர்கள் ஏ.டி.டி. 27 என்ற நெல் வகையை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பே அதனைப் பரப்பியது. உழவர் வானொலியைத் தனியே கேட்டுவிட்டுப் போய்விடவில்லை. கூடிக் கேட்டு, கேட்டதைப் பேசி, வேளாண் அலுவலரிடம் கேள்வி கேட்டனர். 1956-இல் புனே பகுதியில் நடந்த வானொலி உழவர் மன்றச் சோதனையும் இதே அடிப்படையில் அமைந்தது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு காலம் செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களின் 2,400 ஊர்களுக்குத் தொலைக்காட்சி சென்றபோதும், பெட்டியை ஊர்ப் பொது இடத்தில்தான் வைத்தார்கள். ஊரே கூடிப் பார்த்தது.

இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தது. 1969-இல் சாசனம் பெற்று 1971-இல் ஏறத்தாழ 24,000 மாணவரோடு பாடம் தொடங்கிய அது, பி.பி.சி. தொலைக்காட்சியாலும் வானொலியாலும் புகழ்பெற்றது. ஆனால், அதன் உண்மையான வலிமை திரைக்கு வெளியே இருந்தது என்பது நம் கருத்து. மாணவர் வாழும் பகுதியிலேயே சிறு குழுவுக்கு ஒரு பயிற்றுநர் இருந்தார். அவரே விடைத்தாள்களைத் திருத்தினார். கோடைக்காலத்தில் ஒரு வாரம் உறைவிடப் பள்ளி நடந்தது. இந்தியாவில் 1982-இல் ஆந்திரத்திலும், 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தில்லியிலும் அதன் வழித்தோன்றல்கள் எழுந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொரு கல்லூரியின் கட்டடத்தில் கூடும் கற்றல் மையங்கள் நமக்கு அறிமுகமாயின. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் பிறந்தது.

இவ்விடத்தில் நம் திருச்சபையோடு தொடர்புடைய ஒரு முயற்சியைச் சொல்லாமல் செல்வது முறையன்று. 1995-இல் புதுச்சேரியில் தொடங்கிய சமுதாயக் கல்லூரி என்னும் கருத்தை, 1996-இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் தன் சமுதாயக் கல்லூரியில் செயற்படுத்தியது. இயேசு சபை அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ் அவ்வியக்கத்துக்கு நெடுங்காலம் உழைத்தார். பின்னர்த் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இக்கல்லூரிகளுக்கு ஏற்பளித்துப் பட்டயம் வழங்க முன்வந்தது. இதன் சிறப்பு, வழக்கமான வரிசையை மாற்றியமைத்ததில் இருக்கிறது. பல்கலைக்கழகம் தொலைவில் இருந்தது. வகுப்பறையும் ஆசிரியரும் தொழிற்பயிற்சியும் பள்ளிப் படிப்பை முடிக்காத இளைஞனின் தெருவிலேயே இருந்தன. செலவு வைக்கும் பாதியை முதலில் அமைத்துவிட்டு, பட்டயம் என்ற மற்றப் பாதியைப் பிறகு தேடிக்கொண்டனர்.

மெலிந்த பாதியின் விலையை இறுதியில் செலுத்தியவர் யார்? மாணவரே. மூன்றாண்டு இளங்கலைப் பட்டம் இன்றித் திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டத்தைக் கொண்டு அரசுப் பதவி கோர இயலாது என உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. அஞ்சல்வழிக் கல்வி தரம் தாழ்ந்ததே என்ற பொது எண்ணத்துக்கு அது தீனியாயிற்று. 2017 நவம்பரில் வந்த தீர்ப்பு இன்னும் கடுமையானது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய ஒப்புதலின்றித் தொலைநிலை முறையில் வழங்கிய பொறியியல் பட்டங்களை அது நிறுத்தி வைத்தது; 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் தனித் தேர்வெழுதித் தேறினால் மட்டுமே பட்டம் நிலைக்கும் என்றது. பத்தாண்டுகளுக்கு மேல் பொறியாளராய்ப் பணிபுரிந்தவர் மீண்டும் தேர்வுக்கூடத்தில் அமர வேண்டியதாயிற்று. சோதனைச் சாலையைத் தொடாமல் பொறியியல் கற்க இயலுமா என்ற கேள்வி நியாயமானதே. அக்கேள்வியை மாணவரைச் சேர்ப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டும் என்பதும் அதே அளவு நியாயம். 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரையிலுமே ஏற்பு உண்டு என அறிவித்தது; சிக்கல் நீதிமன்றம் வரை சென்றது. அவ்வறிவிப்பை நாளிதழில் படித்தபோது, தாம் கட்டிய கட்டணமும் விழித்த இரவுகளும் என்னாகும் என்று கலங்கியவர்களுக்கு அச்சட்ட நுணுக்கங்களில் என்ன பங்கு இருந்தது?

இனி, இணையத்துக்கு வருவோம். ஐ.ஐ.டி. நிறுவனங்கள் 2003 முதல் என்.பி.டி.இ.எல். என்ற பெயரில் தங்கள் விரிவுரைகளைப் பதிவு செய்து, எவரும் காணத் திறந்து வைத்தன. 2016-இல் மானியக் குழு, ஒரு படிப்பின் பாடங்களில் 20 விழுக்காடு வரை இணையத்தில் கற்றுத் தம் கல்லூரியின் மதிப்பெண் கணக்கில் சேர்த்துக்கொள்ள மாணவர்க்கு இடமளித்தது. 2017 ஜூலையில் அப்பாடங்களுக்கான ‘ஸ்வயம்’ தளம் தொடங்கப்பட்டது. 2021-இல் அந்த 20 விழுக்காடு 40 ஆயிற்று.

இடையில் 2020 மார்ச்சில் பெருந்தொற்று எல்லா வகுப்பறைகளையும் மூடிற்று. அதுவரை பகுதியாக இருந்த இணையம் ஒரே நாளில் முழுமையாயிற்று. கல்லூரி மாணவர் 9,69,047 பேருக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜி.பி. இணையத் தரவை விலையின்றி வழங்குவதாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல எண்ணத்தில் பிறந்த திட்டம் அது. ஆனால், அலைவரிசை எட்டாத மலைக் கிராமத்தில் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? சமவெளியில் உட்கார்ந்து வகுப்புக் கேட்டபோது, மலைப்பிள்ளைகள் மேடு தேடி நடந்தார்கள். குடும்பத்துக்கு ஒரே கைப்பேசி என்ற வீட்டில் அண்ணனுக்கு வகுப்பு நடந்தால் தங்கைக்கு விடுமுறை. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராய் வேலைக்குப் போகத் தொடங்கிய காலமும் அதுவே. போனவர் எல்லாரும் திரும்பி வரவில்லை.

அதே 2020-இல், ஜூன் மாத இறுதியில், சென்னை ஐ.ஐ.டி. தரவு அறிவியலில் ஓர் இணையவழிப் படிப்பைத் தொடங்கியது. கலப்பு முறையைச் சிந்தித்து அமைத்ததற்கு இதனை ஒரு நல்ல சான்றாகக் கொள்ளலாம். கடும் போட்டித் தேர்வான ஜே.இ.இ. எழுதாதவரும், நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். பாடங்கள் காணொளியாக வருகின்றன. வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு. ஆனால், சிறுதேர்வுகளுக்கும் இறுதித் தேர்வுக்கும் மாணவர் குறித்த மையத்துக்கு நேரில் சென்றாக வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருவாய் குறைந்தோர் ஆகியோருக்குக் கட்டணத்தில் 75 விழுக்காடு வரை சலுகை உண்டு. பின்னர் 2023-இல் மின்னணுவியல் படிப்பை இதே முறையில் தொடங்கியபோது, ஆய்வகப் பயிற்சிக்கு மாணவர் வளாகத்துக்கே வரவேண்டும் என்று வகுத்தனர். 2017-இன் தீர்ப்பு எழுப்பிய கேள்விக்கு இங்கே முன்கூட்டியே விடை தேடியிருக்கிறார்கள். எனினும், இதற்குள் நுழையக் கணினியும் தடையற்ற இணையமும் ஆங்கிலத்தில் பாடம் கேட்கும் பழக்கமும் வேண்டும். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வெள்ளிமலைப் பெண்ணுக்கு மூன்றாவதே மிக உயர்ந்த வாயிற்படி.

அந்தப் பெண்ணின் நிலையிலிருந்தே இப்போது கணக்கிட்டுப் பார்ப்போம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்று கல்லூரியில் சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அவள் நாள்தோறும் கல்லூரி சென்று படித்தால் அத்தொகை கிடைக்கும். வீட்டுச் சூழலால் அஞ்சல்வழியிலோ தொலைநிலையிலோ படித்தால் கிடைக்காது. வகுப்பறைக்குச் செல்ல இயலாதவளுக்கு உதவியும் செல்வதில்லை. அத்திட்டம் பெண்களைக் கல்லூரிக்குள் இழுத்து வந்த நன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பழைய ‘கரஸ்’ ஏளனம் விதிமுறைகளிலும் ஒளிந்திருக்கிறதோ என்றே ஐயுறுகிறோம்.

கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகள் 2021-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக்குள் கொண்டுவரப்பட்டன. ஒரு காலத்தில் அஞ்சலில் மட்டுமே நமக்கு எட்டிய பல்கலைக்கழகம், இப்போது நம் ஊர்க் கல்லூரிகளின் தாய்ப் பல்கலைக்கழகம். இக்கல்லூரிகளில் 40-க்கு 60 என்ற பங்கீடு நடைமுறைக்கு வருமானால், அந்த 40 எப்படி அனுப்பப்படும் என்பதைப் பற்றி நிறையப் பேசுவார்கள். மென்பொருள் விற்பவர்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த 60 எங்கே, யாரால், எத்தனை பேர் அடங்கிய வகுப்பில் நடக்கும் என்பதை நம் பெற்றோரும் பங்குப் பேரவைகளும் கேட்க வேண்டும். ஆசிரியர் பணியிடம் காலியாக இருப்பதை மறைக்க இணைய வகுப்பு ஒரு திரையாகுமானால், அஞ்சல்வழிக் கல்வியின் கதை இரண்டாம் முறை நிகழும்.

மலைக்கு வேறொரு கேள்வியும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியான பின், கல்வராயன் மலைவாழ் மக்களின் வாழ்க்கை நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அங்கே முதன்மையாகப் பேசப்பட்டவை சாலையும் பேருந்தும். நேர்முக வகுப்புக்காக மலையிலிருந்து இறங்கி வருவதானாலும், ஆசிரியர் மலைக்கு ஏறிச் செல்வதானாலும் அவையே வேண்டும். வெள்ளிமலையை ஒட்டிய உண்டு உறைவிடப் பள்ளிகளில் கட்டடமும் விளக்கும் இருக்கின்றன. சனி, ஞாயிறுகளில் அவற்றைக் கல்லூரி மாணவரின் கற்றல் மையமாக்கி, நல்ல இணைய இணைப்பையும் இரண்டு ஆசிரியரையும் அங்கே வைக்கலாம். இங்கிலாந்தில் 1971-இலும் நம் நகரங்களில் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளிலும் நடந்து பழகிய ஏற்பாடே இது. வாரம் ஒரு முறை இரண்டு ஆசிரியர் மேலே ஏறுவதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பதை மட்டும் மாவட்ட நிருவாகமும் பல்கலைக்கழகமும் பேசி முடிக்க வேண்டும்.